பாவமும் மீட்பும்

பாவம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. தீவினையையும் அது குறிக்கும். துன்புறுவோரைக் கண்டு இரங்குவோர் வாயிலும் அச்சொல்லே பிறக்கும். மனிதன் பாவி என்று கிறிஸ்தவ சமயம் கூறுங்கால், முதற்பொருளை மட்டும் கொள்வோர் அதனைப் பழிச்சொல்லாகவே கருதுவர். அக்கோட்பாட்டில் இரண்டாம் பொருளுக்கும் இடமுண்டு.

மட்டக்களப்புக்கு இப்போதனை புதியதன்று. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிலே புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். மெதடிஸ்த போதகராகிய வில்லியம் ஓல்ட் 1814இல் அங்கு வந்து கல்விப்பணி தொடங்கி, ஓராண்டு நிறையுமுன்னரே மறைந்தார்.

புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியிற் பாவத்தைக் குறிக்கும் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது மூலப்பொருள். பொய்யும் களவும் கொலையும் பாவத்தின் கனிகள். அதன் வேரோ, இறைவனை விட்டுத் தன்னையே நடுவாகக் கொண்ட மனம். நன்மை இதுவென அறிந்தும் அதனைச் செய்யமாட்டாது தவிக்கும் நிலையைப் பவுலடிகள் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் விளக்குகின்றார். மனிதன் தன் முயற்சியாலேயே தூயவனாகலாம் என்ற பெலேகியுவின் கொள்கையை அகுஸ்தீனார் மறுத்தார். 418இற் கார்த்தேசிற் கூடிய சங்கமும் அதனைத் தள்ளியது.

மட்டக்களப்பு வாவியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். தேங்கிய நீர் தன்னாலே அதனைத் திறக்க வல்லதன்று. மாரி வெள்ளம் வரவேண்டும், அல்லது மனிதர் வெட்டிவிட வேண்டும். மீட்பும் அவ்வாறே வெளியிலிருந்து வருவது. கிறிஸ்துவின் சாவினாலும் உயிர்ப்பினாலும் அருளப்படுவது என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை.

சைவ சித்தாந்தம் கற்றோர்க்கு இங்கே ஆணவமலம் நினைவுக்கு வரும். அதுவும் உயிரோடு ஒட்டியது, அருளால் நீங்குவது. எனினும் ஆணவம் அநாதியானது என்பது சித்தாந்தம். மனிதன் நல்லவனாகவே படைக்கப்பட்டான், வீழ்ச்சி பின்னர் நேர்ந்தது என்பது கிறிஸ்தவம். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டோருள் ஞாயிறு பள்ளிச் சிறுவர் பலர். இத்தகைய வேளையிலேதான் கோட்பாடு சோதிக்கப்படுகின்றது. யாவரும் பாவிகளே என்று சொல்லிக் கொடுஞ்செயலின் கனத்தைக் குறைத்தல் தகாது. குற்றம் செய்தோர் நீதிக்கு உட்பட்டவரே. அதேவேளை, தீமை முழுவதையும் ஓர் இனத்தார்மேற் சுமத்தித் தம்மைத் தூயோரென எண்ணுதற்கும் இப்போதனை இடந்தராது. பகைமையின் வித்து எல்லா நெஞ்சிலும் உண்டு என்பதே அதன் எச்சரிக்கை.

பிறனைப் பாவி என்று சுட்டுவோன் தன்னையும் அச்சொல்லில் அடக்குதல் வேண்டும். அங்ஙனம் அடக்கியவன் நெஞ்சிலேதான் பாவம் என்னும் சொல் இரக்கமாகவும் ஒலிக்கும்.