போரியா: தலைவர் பாட்டு, ஊர்ப் பல்லவி

போரியா என்பது பினாங்கில் மட்டுமே வேரூன்றி வளர்ந்த கூட்டுப்பாட்டுக் கலை. பாடுவது மலாய்மொழியில். முன்னால் ஒரு தலைமைப் பாடகர், அவருக்குப் பின்னால் ஒரே மாதிரி உடுப்பில் வரிசை கட்டி ஆடிப் பாடும் கூட்டம், ஓரத்தில் வயலின், மேளம், ஜால்ரா வாசிப்பவர்கள் என்று குழு அமையும். முதலில் ஒரு சிரிப்பு நாடகம், அது முடிந்ததும் பாட்டு என்பது இன்றைய மேடை வழக்கம்.

இந்தக் கலைக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. 1786இல் பினாங்கைக் கைக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணச் சிப்பாய்களை அங்கே காவலுக்கு நிறுத்தியது. ஜார்ஜ் டவுனில் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1845ஐ ஒட்டி வந்த சென்னைப் படைப்பிரிவின் முஸ்லிம் வீரர்கள் முஹர்ரம் நாள்களில் பாடிவந்ததே போரியாவின் தொடக்கம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் வரலாறு. உருதுவில் 'போரியா' என்றால் பாய். பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. சிப்பாய்களின் பாட்டைச் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும், இந்திய-மலாய்க் கலப்புக் குடும்பங்களான ஜாவி பெரானாக்கான்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக அது கம்பம் எனப்படும் மலாய்க் குடியிருப்புகளுக்குப் பரவியது.

அந்தக் காலத்தில் போரியாவுக்குப் பருவம் என்பது முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாள். 680ஆம் ஆண்டு கர்பலாவில் உயிர்நீத்த இமாம் ஹுசைனின் நினைவு நாள்கள் அவை. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள் என்பதால், பருவம் ஆண்டுக்குப் பதினோரு நாள் வீதம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். இரவானதும் குழுக்கள் மாலுமி, அரபி, சீனர் என்று வேடம் கட்டி வசதியுள்ளவர்களின் வீட்டு வாசலுக்குப் போகும். வீட்டுக்காரரைப் புகழ்ந்து பாடினால் பணம் கிடைக்கும். பத்தாம் நாளோடு வேடம் கலையும். அடுத்த முஹர்ரம் வரை ஓய்வு.

குழுக்கள் கம்பம் கம்பமாகப் பிரிந்திருந்ததால் போட்டியும் இருந்தது. முஹர்ரம் ஊர்வலங்களை ஒட்டி வளர்ந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் கட்சிகள் சீன ரகசியச் சங்கங்களோடு ஆளுக்கொரு பக்கம் கூட்டுச் சேர்ந்தன. 1867 ஆகஸ்டில் அது பினாங்கையே முடக்கிய பெரும் கலவரமாக வெடித்தது. அதற்குப் பிறகும் போரியாக் குழுக்களிடையே கொடிப் பகை நெடுங்காலம் நீடித்தது.

தலைமைப் பாடகரை மலாயில் 'துக்காங் காராங்' என்பார்கள். துக்காங் என்றால் கைவினைஞர். காராங் என்றால் இயற்றுதல். நம் வழக்கில் சொன்னால், பாட்டுக் கட்டுபவர். போரியாவில் ஒரு கண்ணிக்கு நாலு வரி. பந்துன் என்ற மலாய்ப் பாவகையில் ஒன்றுவிட்டு ஒரு வரிதான் ஒத்து முடியும். போரியாவிலோ நாலு வரியும் ஒரே ஓசையில் முடியவேண்டும்; தமிழ் யாப்பில் இயைபு என்பது இதுதான். முதல் கண்ணியே பல்லவி. தலைவர் ஒவ்வொரு புதுக் கண்ணியைப் பாடி முடித்ததும், கூட்டம் குடையோ பூவோ கையில் பிடித்து ஆடியபடி அந்தப் பல்லவியைத் திருப்பிப் பாடும். அது முடிவதற்குள் அடுத்த கண்ணி தலைவரின் நாக்கில் தயாராக இருக்கவேண்டும். முன்பெல்லாம் பலர் நின்ற இடத்திலேயே கட்டிப் பாடினார்கள். இப்போது பெரும்பாலும் எழுதி, ஒத்திகை பார்த்த பிறகே மேடை ஏறுகிறார்கள்.

ஆகவே இங்கே தலைவர் மாறுவது, மேற்கத்திய முறைச் சேர்ந்திசைக் குழுவில் நடத்துநர் மாறுவது போன்றதல்ல. அங்கே நடத்துநர் பாடுவதில்லை. பாடகர்களைப் பார்த்து நின்று கையசைப்பார். பாட்டு இசைக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். எம். பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் 1988இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய பாடல்களைப் பாடிவந்தது இப்படித்தான். போரியாவில் தலைவரே கவிஞர், அவரே குரல், அவரே முகம். அவர் விலகினால் குழுவிடம் மிஞ்சுவது மெட்டும், ஆட்டமும், பல்லவி பாடப் பழகிய கூட்டமும்தான். வில்லுப்பாட்டில் புலவர் போனபின் பக்கப்பாட்டுக்காரர்கள் நிற்கும் நிலைக்கு இது நெருக்கமானது.

தலைவர்கள் மட்டுமல்ல, பருவமும் மாறியது. துக்க நாள்களில் ஆட்டமும் வேடமும் தகாது என்று சமயச் சீர்திருத்தக்காரர்கள் எதிர்த்தார்கள். போரியாவின் கேடுகளைச் சாடி 1922இல் பினாங்கில் ஒரு புத்தகமே வந்தது. எழுதியவர் முகமது யூசுப் பின் சுல்தான் மைதீன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போரியா முஹர்ரத்தை விட்டு விலகிப் போட்டி மேடைக்கும், தேர்தல் பிரசாரத்துக்கும், தொலைக்காட்சிக்கும் போனது. ஆண்களே பெண்வேடம் கட்டிய குழுக்களில் பெண்கள் சேர்ந்தார்கள். வீட்டுக்காரரைப் புகழ்ந்த பாட்டு, அரசின் திட்டங்களையும் ஒற்றுமையையும் பாடத் தொடங்கியது. பினாங்கு விழாக்களின் போட்டிகளில்தான் இன்று பல குழுக்களை ஒருசேரப் பார்க்கமுடிகிறது.

'பாக் டொல்லா' என்று ஊர் அழைக்கும் அப்துல்லா டாருஸ், ஓமாரா குழுவின் துக்காங் காராங்காகப் புகழ்பெற்றவர். போரியா மலேசியாவின் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. பட்டியல் கலைக்குக் கௌரவம் தரும்; துக்காங் காராங்கைத் தராது. பல்லவி பாடும் வரிசையிலிருந்து ஒருவர் நாலு வரி கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றால்தான் அடுத்த பருவம் உண்டு.