முன்கவையும் நேர்மையும்

வளைவு மிகுந்த வழியில் செல்வோனுக்கு வண்டியின் வேகத்தைக் காட்டிலும் அதன் நேர்மையே இன்றியமையாதது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மஞ்சக்குட்டை முதலிய சேர்வராயன் மலையூர்களில் வாழ்வோர் பலருக்கு மோட்டார் சைக்கிளே கால். அவ்வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தபின் கைப்பிடி கோணி நிற்பின், ‘பழகிக்கொள்ளலாம்’ என்று விடுதல் தகாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழல்களையும் பட்டறைகளில் ‘ஃபோர்க்’ என்பர்; தமிழில் கவை எனலாம். எண்ணெயால் அதிர்வடக்கும் இவ்வமைப்பை 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளில் பொருத்தியது. இரு குழல்களையும் மேல், கீழ் என இரு தாங்கிகள் இறுகப் பற்றியிருக்கின்றன. கைப்பிடி திரும்பும் அச்சினைக் கோடாக நீட்டினால், அது சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே நிலத்தைத் தொடும். ஆதலின் ஓடும் சக்கரம் தானே நேர்நிலையை நாடும். கவை முறுகினால் இவ்வியல்பு கெடும். வண்டி ஒருபுறம் இழுக்கும்.

முறுக்கத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. தட்டையான கண்ணாடித் துண்டினை இரு குழல்களின் மீதும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு முனையிலும் படிந்தால் குழல்கள் இணையாக உள்ளன, ஆடினால் முறுகியுள்ளன.

திருத்தும் முறை வருமாறு: வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, தாங்கிகளின் திருகுகள், முன் மட்கார்டின் திருகுகள், சக்கர அச்சின் பிடிதிருகு ஆகியவற்றைச் சிறிதளவே தளர்த்துக, முற்றும் கழற்றற்க. சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு கைப்பிடியை நேராக்குக. இரு குழல்களின் உயரமும் ஒத்துள்ளதா என்று கண்டபின், கீழ்த்தாங்கியையும் மேல்தாங்கியையும் இறுக்குக. பின்னர் வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தவாறு நாலைந்து முறை கவையை அழுத்தி விடுக. குழல்கள் தமக்குரிய இடத்தில் தாமே அமரும். அதன்பின்னரே அச்சின் பிடிதிருகையும் மட்கார்டையும் இறுக்குதல் வேண்டும். திருகுகளைத் தளர்த்தாமல் கைப்பிடியை மட்டும் வலிந்து திருப்புவோர் முறுக்கத்தை மறைக்கின்றனரேயன்றிப் போக்குவதில்லை.

அடுத்து ‘கோன்செட்’ எனப்படும் குண்டுத்தாங்கியை நோக்குக. முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, கவையின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருத்தல் கூடாது. நடுவிலிருந்து சிறிது தள்ளினால் கைப்பிடி தன் எடையாலேயே இருபுறமும் தடையின்றிச் சாய வேண்டும். நடுவில் சிக்கினால் குண்டுகளின் பாதை தேய்ந்துள்ளது, மாற்றுவதே முறை. அவ்வாறே வளைந்த குழலையும் தட்டி நிமிர்த்தி ஓட்டாது மாற்றுதல் நலம். தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிய பின்னரே மலையில் இறங்குக.

‘நேர்’ என்னும் சொல்லினின்றே ‘நேர்மை’ பிறந்தது. கோணலை மறைத்து இறுக்குவது எளிது; கட்டுகளைத் தளர்த்தி, உரிய இடத்தில் அமரவிட்டு, மீண்டும் இறுக்குவதற்கே பொறுமை வேண்டும். அப்பொறுமை ஒரு மணி நேர வேலை. அதனால் காக்கப்படுவதோ ஓர் உயிர்.