படத்தில் ஓடும் குசஸ்தலை

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலே, "உன் பூர்வீக ஊர் எங்கே இருக்கிறது, தம்பி?" என்று ஒரு சிறுவனைக் கேட்டோம். "சித்தூர்ப் பக்கம், கார்வேட்டிநகரம்" என்றான். சித்தூருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு விடை வரவில்லை. தாத்தா பிறந்த ஊர் பேரனுக்கு வெறும் பெயராகிவிட்டது. பிழை அவனுடையதன்று. சுவரில் மாட்டிய தேசப்படத்தில் அவ்வூருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நாம் படித்த காலத்திலும் பூகோளம் என்பது நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் பாடமாகத்தானே இருந்தது!

ஆகவே கணிப்பொறியைத் திறந்தோம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டு முதல் 'புவன்' என்னும் நிலப்படத்தை யாவரும் காணுமாறு வழங்கி வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அதில் தனிப்பகுதியும் உண்டு. 2005-இல் வெளிவந்த 'கூகுள் எர்த்'தும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நிலப்படம் வரைவதற்கென்றே அனுப்பப்பட்ட கார்ட்டோசாட்-1 என்னும் செயற்கைக்கோள் 2005 மே மாதத்தில் எழும்பிய ஸ்ரீஹரிகோட்டா, இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது என்று சொன்னபோது சிறுவனின் முகம் மலர்ந்தது. அவன் ஊருக்கு அஃது அண்டை மாவட்டமன்றோ!

புத்தூருக்கு மேற்கே, பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், குன்றுகளுக்கிடையே ஊர் தெரிந்தது. வேணுகோபாலசுவாமி கோயிலும் அதையடுத்த புஷ்கரிணியும் கண்ணிற்பட்டன. ஆயினும் எங்களை ஈர்த்தது ஆறே. குசஸ்தலை என்றும் கொசஸ்தலை என்றும் வழங்கும் அவ்வாற்றை விரலால் பின்தொடருமாறு பிள்ளைகளிடம் கூறினோம். கிருஷ்ணாபுரம் அணையைக் கடந்து தெற்கே இறங்கிப் பள்ளிப்பட்டை நெருங்கியதும், ஆற்றின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று வந்தது.

"இது என்ன?" என்றாள் ஒரு சிறுமி. மாநில எல்லை என்றோம். கார்வேட்டிநகரச் சமஸ்தானத்தார் திருத்தணிக் கோயிலைப் பரிபாலித்த காலத்தில் இக்கோடு இல்லை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. உறவினர் இருபுறமும் ஆயினர். ஆறு மட்டும் பழைய வழியே போகிறது. கிருஷ்ணாபுரத்தில் மிகைநீர் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குவதன் காரணத்தை, நாம் விளக்குமுன் பிள்ளைகளே கண்டுகொண்டனர்.

ஆறு 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, எண்ணூர் அருகே கடலிற் கலக்கிறது. "அப்படியானால் சென்னையில் எங்கள் அத்தை குடிப்பது எங்கள் ஊர்த் தண்ணீரா?" என்றான் சிறுவன். கண்டலேற்றிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் பூண்டியிலேயே சேர்கிறது என்பதைச் சொல்லி, "அதிலும் ஒரு பங்கு உண்டு" என்றோம். அளவுகோலைக் கொண்டு நேர்தூரத்தையும் ஆற்றின் வளைவுத் தூரத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று அவர்கள் வாதிட்ட அரைமணி நேரம் நல்ல பாடம்.

இப்படத்துக்கும் குறைகள் உண்டு. வானிலிருந்து எடுத்த படம் என்றோ ஒரு நாளின் தோற்றமேயாகும். அன்று வற்றிய ஏரி வயலென்று தோன்றும். சிற்றூர்ப் பெயர்கள் பல இல்லை. இருப்பனவும் உருத்திரிந்து கிடக்கின்றன. வகுப்பிலிருந்தே தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினான் சிறுவன். படத்தில் பெயரற்றுக் கிடந்த மூன்று ஏரிகளுக்கும் ஒரு குன்றுக்கும் கிழவர் தயங்காமல் பெயர் சொன்னார். நான்காவது ஏரிக்கு மட்டும், "அது என் அண்ணனுக்குத்தான் தெரியும், அவர் போய்விட்டார்" என்றாராம். சிறுவன் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டான்.

கார்வேட்டிநகரத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்று உளது. அங்குப் பயில்வோரும் இம்முறையைக் கைக்கொண்டால், ஊரிலேயே வளரும் பிள்ளைகள் அவ்வெறுமையை ஏரிக்கரைக்கே சென்று நிரப்பக்கூடும். நம்மால் அஃது இயலாது. வகுப்பின் தாளைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டியுள்ளோம். புத்தூர், நகரி, பள்ளிப்பட்டுப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பத்தார், வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து, தாம் அறிந்த ஏரி, கால்வாய், குன்றுகளின் பெயர்களை அதில் எழுத வேண்டுகிறோம். பென்சில் அருகிலேயே கட்டித் தொங்குகிறது.