உங்களுக்குத் தெரியுமா? மன்னாரில் கரையேறிய இதயம்

♥ கடதாசிக் கட்டில் சிவப்பு இதயம் போட்ட சீட்டை 'ஆட்டின்' என்கிறோமே, அதற்கும் ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டச்சு மொழியில் 'ஹார்த்' என்றால் இதயம். 'ஹார்த்தன்' அதன் பன்மை, சீட்டில் அந்தச் சாதியின் பெயரும் அதுதான். 'கிளாவர்' என்பதும் டச்சுதான். மூவிலைப் புல் ஒன்றின் பெயர் அது. சீட்டைத் திருப்பிப் பாருங்கள், மூன்று இலையும் காம்பும் தெரியும்.

♥ போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய மன்னார்க் கோட்டையை டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் 1658 பெப்ரவரியில் பிடித்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தது அதற்குப் பிறகு, ஜூனில். 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை மன்னார் ஒல்லாந்தர் கையில். ஆள்வோர் மாறினாலும் அவர்களுடைய கந்தோரும் லாச்சியும் கக்கூசும் நம் பேச்சை விட்டுப் போகவில்லை. இதயத்துக்கான சொல்லோ கோவிலுக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. நேரே சீட்டாட்டக்காரர் கையில் போய் உட்கார்ந்துகொண்டது!

♥ சிங்களத்திலும் இதே கதைதான். ஹாரத, ருவித, கலாபர, இஸ்கோப்ப என்ற நாலும் டச்சின் ஹார்த்தன், ரவுத்தன், கிளாவர், ஸ்கொப்பன் ஆகியவற்றின் பிள்ளைகள். அரசியலில் ஒத்துப்போகாத இரண்டு மொழிகள் சீட்டில் ஒரே பாட்டனுக்குப் பேரன்கள்.

♥ வடக்கில் 304 அடிக்காத ஊர் உண்டா? ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76. நாலு சாதிக்கு 304. ராசாவை மிதித்துக்கொண்டு ஒன்பது மேலே நிற்கும் இந்த விசித்திரம் ஒல்லாந்தின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்திலும் உண்டு. அங்கே துரும்பு ஜாக்குக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. இரண்டும் ஒரே குடும்பம் என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுவோரின் கணிப்பு. அடுக்கைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

♥ 'ஹார்த்' இடைக்காலத்தில் 'ஹெர்த்தெ' என்று இருந்தது. அதன் பழைய உறவுகள்: பழைய ஆங்கிலத்தில் 'ஹெயோர்த்தெ', ஐஸ்லாந்துக் கதைகளில் 'ஹ்யார்த்தா', தென் ஜெர்மனியில் 'ஹெர்ட்ஸா'. கடைசியாளிடம் மட்டும் 'த' எப்படி 'ட்ஸ' ஆயிற்று? தெற்கே ஏற்பட்ட ஓர் ஒலிமாற்றம் அது. ஆங்கிலத்தின் 'வாட்டர்' ஜெர்மனில் 'வாஸர்' ஆனதும் அதனால்தான்.

♥ இந்தக் குடும்பத்தின் மூத்த எழுத்துச் சாட்சி கோத்திக் மொழியின் 'ஹேர்த்தோ'. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை அம்மொழிக்குக் கொண்டுவந்தார். 6ஆம் நூற்றாண்டில் ஊதாநிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் படி இன்று சுவீடனின் உப்சாலாவில் இருக்கிறது.

♥ மன்னார்க் கத்தோலிக்க வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படமும், அதன்முன் எரியும் சின்னச் சிவப்பு விளக்கும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்திக்கு இடைக்காலத்தில் உரமிட்டவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் ஹெல்ஃப்தா மடத்துக் கன்னியர். அவர்களில் பேர்பெற்றவர் புனித கெர்த்ரூத் (1256–1302). ஒல்லாந்தரோ கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தியவர்கள். 1670இல் மாந்தை மக்கள் மாதா சொரூபத்தோடு மடுக் காட்டுக்குப் போனது அவர்களுக்குப் பயந்துதான் என்பது மரபு.

♥ இதயம் லத்தீனில் 'கோர்', கிரேக்கத்தில் 'கார்தியா'. முதலில் இருந்த 'க' ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' ஆயிற்று. இந்த விதியை 1822இல் அடுக்கிக் காட்டியவர் தேவதைக் கதைகள் தொகுத்த யாக்கோப் கிரிம். சமஸ்கிருத 'ஹ்ருதய'மும் (நம் இருதயம்) உறவுதான். ஆனால் அதன் முதல் எழுத்து சமஸ்கிருதத்தின் சொந்த ஒலிவிதிக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கிறது. விதிப்படி அங்கே 'ஹ' அல்ல, 'ச' வரவேண்டும். அப்படி வந்த சொல்லும் இருக்கிறது: 'ஸ்ரத்தா', அதாவது நம் சிரத்தை. 'இதயத்தை வைப்பது' என்பது அதன் மூலப்பொருள். லத்தீனில் 'நம்புகிறேன்' என்று சொல்லும் 'கிரேதோ' அதன் உடன்பிறப்பு.