பழைய மடிக்கணினிக்குப் புதிய ப்ராசஸர் வேண்டுமா?

ஒரு கருவி முதுமை எய்தி மெல்ல இயங்குங்கால், அதனை அறவே தள்ளுவதா, அதனுள் ஓர் உறுப்பை மாற்றிப் பின்னும் சில்லாண்டு வழங்குவதா என்னும் வினா எழுதல் இயல்பு. மாட்டுவண்டிக்கு அச்சு மாற்றுவோரும் கடிகாரத்திற்கு வில் மாற்றுவோரும் இவ்வினாவை நெடுநாளாக அறிவர். இன்று அது மடிக்கணினியைப் பற்றி எழுந்துள்ளது. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அதற்குமுன் அக்கருவியை அணுகிப் பார்த்திராத இல்லங்கள் பல அதனைப் பெற்றன. அவற்றுட் சில இன்று அண்ணன் கையினின்று தம்பி கைக்கும், தமக்கை கையினின்று தங்கை கைக்கும் மாறி வழங்குகின்றன.

கரடியூரில் எம் இல்லத்திலும் அத்தகைய ஒன்று உண்டு. தமக்கையார் 2013இல் பெற்றது. அவர் படிப்பு முடிந்தபின் எனக்கு வந்தது. எனக்குப்பின் பதினோராம் வகுப்புப் பயிலும் தம்பிக்கு உரியது. பன்னீராண்டுக்கு மேலாகப் பழுதின்றி உழைத்த கருவியைக் குறை கூறுதல் நன்றியன்று. ஆயினும், காலையில் அதனைத் திறந்துவைத்துக் காப்பி போட்டுக் குடித்து வந்தாலும் அது விழித்தெழுந்திராது. காப்பிப் பழம் பறித்த கூலியில் ஒரு பகுதியை அன்னையார் இதற்கென ஒதுக்கினார். அத்தொகை புதிய கருவிக்குப் போதாது. ஓர் உறுப்போ இரண்டோ வாங்கப் போதும். சேலத்துக் கடைக்காரர் ஒருவர், "ப்ராசஸரை மாத்திட்டாப் புதுசு மாதிரி ஓடும், தம்பி" என்றார். இருபது கொண்டையூசி வளைவு இறங்கிச் சென்று, தவறான பொருளை வாங்கி மீண்டும் ஏறிவர யார்க்கும் விருப்பமிராது. ஆதலின் அவர் சொல்லைச் சற்றே ஆராய்வோம்.

ப்ராசஸர் என்பது கணினியின் கணக்குப்பிள்ளை. தமிழில் இதனைச் செயலகம் என்பாரும் செயலி என்பாரும் உளர். முன்னது கோட்டையையும் பின்னது கைப்பேசியையும் நினைப்பூட்டுதலின், தமிழ் ஆனர்ஸ் மாணவனாயினும் ஈண்டு வழக்குச் சொல்லையே ஆள்கின்றேன். கூட்டல், ஒப்பிடல், இடம் மாற்றல் ஆகிய சிறு தொழில்களை அளப்பரும் விரைவிற் செய்வதே அதன் ஆற்றல். எம் கருவியிலுள்ள பென்டியம் பி960 நொடிக்கு 220 கோடி முறை துடிப்பது. ஆனால் வேண்டும் பொருளை அது தானே தேடிச் செல்லாது. பொருள் ஹார்ட் டிஸ்கிலிருந்து ரேமுக்கு வந்து, ரேமிலிருந்து அதன் கைக்கு எட்டுதல் வேண்டும்.

எம் மலையினர்க்கு இதனைக் காப்பித் தொழிலால் எளிதில் விளக்கலாம். பறித்த பழம் பல்பரிற் சென்று தோல் நீங்கி, தொட்டியில் ஊறி, கழுவப்பட்டுக் களத்தில் உலரும். பல்பர் எத்துணை விரைவாக ஓடினும், தோட்டத்திலிருந்து மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தலைச்சுமையில் வருமாயின் அது வெறிதே சுழலும். களம் குறுகியதாயின் கழுவிய கொட்டை குவிந்து கெடும். அந்நிலையிற் பெரிய பல்பர் வாங்குவோனுக்கு ஒரு கொட்டையும் விரைந்து உலராது. ப்ராசஸர் பல்பர், ரேம் களம், ஹார்ட் டிஸ்க் தோட்டத்துப் பாதை. எது எதற்காகக் காத்து நிற்கின்றது என்பதே முதற்கண் அறியற்பாலது.

அதனை அறிதல் அரிதன்று. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, நாம் நாடோறும் செய்யும் பணியைச் செய்து பார்த்தல் வேண்டும். யான் நூல் ஒன்றின் ஸ்கேன் படியையும், எழுதும் கட்டுரையையும், இணையப் பக்கம் மூன்றையும் ஒருங்கே திறந்தேன். ப்ராசஸரின் உழைப்பு நூற்றுக்கு முப்பதைச் சூழ்ந்தே நின்றது. டிஸ்கோ நூற்றுக்கு நூறு என்று காட்டி அசையாது நின்றது. 2 ஜிபி ரேம் முற்றும் நிரம்பியிருந்தது. ரேம் நிரம்பினால் கணினி மிகுதியை டிஸ்கிலேயே எழுதிவைத்து வேண்டும்பொழுது மீட்டெடுக்கும். முன்னரே நெருக்கமுற்ற பாதையில் மேலும் சுமை ஏற்றுவது போன்றது அது.

டிஸ்க் ஏன் இத்துணை மெல்லியது? அது சுழலும் தட்டு. மடிக்கணினிகளிற் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்று. அஃதாவது நொடிக்கு 90. வேண்டிய எழுத்து ஊசியின்கீழ் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. அச்சிறு பொழுதில் எம் பென்டியம் 2 கோடியே 40 லட்சம் முறை துடித்துவிடும்! அத்துணைத் துடிப்பும் வீண். இப்பொழுது அதனினும் விரைந்த ப்ராசஸரைப் பூட்டினால் நிகழ்வது யாது? 3 கோடிக்கு மேற்பட்ட துடிப்பு வீணாகும், அவ்வளவே. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. ஆகலின் காத்திருப்பு மில்லிநொடியின் சிறு கூறாகச் சுருங்கிவிடுகின்றது.

இனி, ப்ராசஸரே காரணமாகும் பணிகளும் உள என்பதை மறைத்தல் முறையன்று. பழைய தமிழ் நூலொன்றின் பக்கங்களைப் படம் பிடித்து, அப்படத்தினின்று எழுத்துக்களைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகின்றது. 2018இல் வந்த அதன் நான்காம் பதிப்பு நரம்பு வலை முறையில் எழுத்தை உணர்வது. பெருக்கற் கணக்கு மிக்கது. யான் 400 பக்கமுள்ள நூல் ஒன்றை இதற்குக் கொடுத்தபொழுது ப்ராசஸர் முழுதும் உழைத்தது; டிஸ்க் ஓய்ந்திருந்தது. பக்கத்திற்கு நாற்பது நொடி. நூலுக்கு நாலரை மணி நேரம். பல எண்களை ஒரே வீச்சிற் பெருக்கும் ஏவிஎக்ஸ் என்னும் திறன் பி960க்கு இல்லை. அதே குழியில் அமரும் கோர் ஐ5-2520எம்முக்கு உண்டு. அதன் வேகமும் 2.5 முதல் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஆகவே இப்பணி ஒன்றிற்கு மட்டும் கடைக்காரர் கூற்று மெய்யே.

ஆயினும் ஒன்று கேட்கலாம்: அந்த நாலரை மணியும் யார் காத்திருக்கின்றனர்? இரவில் ஏவிவிட்டு உறங்கினால் விடியலில் நூல் ஆயத்தமாக இருக்கும். திரைமுன் கையைக் கட்டி அமர்ந்திருக்கும் பத்து நிமிடமே நமக்கு இழப்பு; உறங்கும் நான்கு மணி நேரம் இழப்பன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் மலைமேல் மின்சாரம் நிற்குமாயின் இரவுப் பணி பாதியில் அறும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து நல்ல பேட்டரி. விரைந்த ப்ராசஸர் அன்று.

மாற்றத்தான் இயலுமா என்பதும் எல்லாக் கருவிக்கும் ஒன்றன்று. 2010 முதல் 2013 வரை வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ப்ராசஸர் சாக்கெட் என்னும் குழியில் அமர்ந்திருக்கும். ஒரு சிறு திருகாணியைத் திருப்பினால் கையோடு வரும். பெயரின் இறுதியில் யூ என்னும் எழுத்துடையவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. அவற்றைத் தொடவே வேண்டா. 2015க்குப் பின் வந்த மடிக்கணினிகளிற் பெரும்பாலனவும் அத்தகையனவே. சிபியு-இசட் என்னும் சிறு மென்பொருள் எந்தக் குழி என்பதைக் காட்டும். எம்முடையது 988 ஊசிகள் கொண்ட ஜி2 குழி.

அக்குழியிற் பொருந்துவன எல்லாம் இயங்கும் என்றும் எண்ணற்க. பயாஸ் அந்த ப்ராசஸரை அறிந்திருத்தல் வேண்டும். இன்றேல் திரை இருண்டே கிடக்கும். வெப்பமும் நோக்கற்பாலது. பி960, ஐ5-2520எம் இரண்டும் 35 வாட். நான்கு கூறுடைய ஐ7-2670க்யூஎம்மோ 45 வாட். 35 வாட்டுக்கு அமைத்த மெல்லிய ஹீட்சிங்கில் அதனை ஏற்றினால், சூடு மிகுந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்காட்டுக் குளிர் உதவாதோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். உதவும், ஆனால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திற் காற்றின் செறிவு கடற்கரையினும் ஏழில் ஒரு பங்கு குறைவாதலின், விசிறி வீசும் காற்று எடுத்துச்செல்லும் சூடும் அவ்வளவிற்குக் குறையும். மூடியைக் கழற்றினோமாயின் உறைந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, அரிசியளவு புதியது இடுதல் நன்று. ப்ராசஸரை மாற்றாதவர்க்கும் இது பயன்படும்.

எம் ஐயத்தை முற்றும் தீர்த்தது பிறிதொன்று. விண்டோஸ் 10க்குரிய பொதுவான காப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெலின் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகும். ஜி2 குழியில் அமரக்கூடியது மூன்றாந் தலைமுறையோடு நின்றுவிட்டது. எனவே எத்துணை விலை கொடுத்து எந்த ப்ராசஸரை ஏற்றினும் அவ்வாயில் திறவாது. உபுண்டுவோ, நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸோ, லினக்ஸ் வகையில் ஒன்றைக் கொள்ளுதலே வழி. அது பி960இலும் ஓடும்.

இவை யாவும் கண்டு அன்னையார் தந்த தொகையை யாங்கள் பகுத்த முறை இது: எஸ்.எஸ்.டி. ஒன்று, 8 ஜிபி ஆகுமாறு டிடிஆர்3 ரேம், எஞ்சியது பேட்டரிக்கு. முதலிரண்டும் பூட்டியபின் கருவி ஒரு நிமிடத்துள் எழுகின்றது. பேட்டரி வாங்க அடுத்த சம்பளம் வரவேண்டும். இந்த எஸ்.எஸ்.டி.யைத் தம்பி நாளை வேறு கருவி பெற்றாலும் கழற்றிப் பூட்டிக்கொள்ளலாம். ப்ராசஸருக்கோ அக்குழியன்றி வேறிடம் இல்லை.

ஐ5-2520எம்மை இன்று விரும்புவோர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் இறந்த கருவியிலிருந்து கழற்றியதே. சேலத்தில் அப்படி ஒன்று மலிவாகக் கண்ணிற் பட்டால் யானும் வாங்கக் கூடும்; எழுத்துணரும் பணி இன்னும் மூன்று நூலுக்கு இருக்கின்றது. வாங்குமுன் அடிப்புறத்தை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். 988 ஊசியில் ஒன்று வளைந்திருப்பினும் வேண்டா என்று திருப்பிக் கொடுத்துவிடுக.