'இன்னிக்கு என்ன படிச்சே?' 'விளையாடினேன்!'

நான்கு வயதுப் பையன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு என் மருத்துவமனைக்கு வந்தான். "தினமும் காலையில வயித்தை வலிக்குதுன்னு அழறான் டாக்டர். மலம் கழிக்க மூணு நாள், நாலு நாள் ஆகுது. முக்கி முக்கி ஒரு தடவை ரத்தம்கூட வந்துடுச்சு" என்றார் அம்மா. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து, உணவு முறையையும் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாளில் மறுபடியும் வந்தார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது முறை பாட்டி அழைத்து வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையில மட்டும் வலிக்கறதே இல்லையே டாக்டர், அது ஏன்?" என்றார்.

சுருக்கென்றது எனக்கு. இரண்டு முறை நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பையன் முதலில் ஒரு விளையாட்டுப் பள்ளியில் இருந்திருக்கிறான். மணல், தண்ணீர், மரக்கட்டை, பாட்டு, கதை. தினமும் சாயங்காலம் அப்பா, "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்பார். "விளையாடினேன்" என்பான் பையன். ஆறு மாதம் ஆகியும் நோட்டில் ஒரு எழுத்து இல்லை. "பணத்தைக் கட்டி விளையாட அனுப்பணுமா? தெருவிலேயே விளையாடிட்டுப் போறான்" என்று கோபப்பட்டு அப்பா வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே நான்கு கோடு நோட்டு, இரண்டு கோடு நோட்டு, வீட்டுப்பாடம் எல்லாம் உண்டு. ஆனால், மணி அடித்தால்தான் பாத்ரூம். நடுவில் கேட்டால் மிஸ் திட்டுவார் என்று பையன் அடக்கி அடக்கி வைத்திருக்கிறான்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. மலம், சிறுநீர், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் இவையெல்லாம் அதில் அடங்கும். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாலபாடம். இந்தக் குழந்தை மலத்தையும் அடக்கியிருக்கிறது, அழுகையையும் அடக்கியிருக்கிறது. மருந்து மட்டும் என்ன செய்யும்?

அப்பாவின் கேள்வியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அது நியாயமான கேள்விதான். விளையாட்டுப் பள்ளியில் குழந்தை அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறது? பார்ப்போம்.

கைக்கு முதல் பாடம்

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை வெறும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. நான்கு வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால் கை வலிக்காமல் என்ன செய்யும்?

களிமண்ணைப் பிசைவது, மணி கோர்ப்பது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது... இதெல்லாம் விரல்களுக்குத் தேகப்பயிற்சி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பலம் பெற்ற பிறகு பென்சில் தானாகப் பிடிபடும்.

டம்ளரில் ஒரு கணக்கு

ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பது கணக்கு அல்ல, மனப்பாடம். நான்கு பொம்மைக்கு நான்கு தட்டு வைக்கிறாளே ஒரு குழந்தை, அதுதான் கணக்கு. 'ஒன்றுக்கு ஒன்று' என்பது புரிந்தால்தான் எண் என்பதே புரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தை பார்க்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான டபராவில் கொட்டுங்கள். "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தை அநேகமாக உயரமாகத் தெரியும் டம்ளரைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதைச் செய்து காட்டினார். ஆறேழு வயதில்தான் இது தெளிவாகும். 'கொட்டினாலும் அளவு மாறாது' என்று வாயால் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. ஊற்றி, கொட்டி, சிந்தி, தானே கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் குழந்தை நனைந்துகொண்டு செய்வது அந்த ஆராய்ச்சியைத்தான்!

பேச்சும் பொறுமையும்

கடை விளையாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? "வெங்காயம் என்ன விலைங்க?" "பத்து ரூபா." "குறைச்சுக் குடுங்க." கேட்பது, பதில் சொல்வது, மறுத்துச் சொல்வது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. கை தட்டிப் பாடும்போது சொற்களை அசை அசையாகப் பிரிக்கக் காது பழகுகிறது. நாளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப்போவது அந்தக் காதை வைத்துத்தான்.

இன்னொன்று. இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத வாண்டு, பஸ் விளையாட்டில் 'பயணி'யாக இருந்தால் தன் ஸ்டாப் வரும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி இதைத்தான் சொன்னார். பாவனை விளையாட்டில் குழந்தை தானே ஒரு விதியை ஏற்றுக்கொண்டு தன்னை அடக்கப் பழகுகிறது. அடுத்தவன் ஊஞ்சலை விட்டு இறங்கும்வரை காத்திருப்பது, தோற்றால் அழுதுவிட்டு மறுபடி சேர்வது, "மிஸ், ஒண்ணுக்குப் போகணும்" என்று பயமில்லாமல் சொல்வது, இவையும் பாடங்கள்தான்.

இது புதுமோஸ்தர் அல்ல

'இதெல்லாம் வெளிநாட்டு பாஷன்' என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. கடைசி மூன்று என்ன தெரியுமா? ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். எல்லாமே விளையாட்டு!

ஜெர்மனியில் பிரோபெல் 1837-ல் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டுப் பள்ளி தொடங்கினார். பிறகு அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்ற பொருளில் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். இத்தாலியின் மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். குழந்தை கையால் செய்வதை அவர் 'வேலை' என்றே சொன்னார். உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துப் பழக வைத்தார். நம் நாட்டில் 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளிலும் உணவோடு விளையாட்டுக் கல்வியும் சேர்ந்தே இருக்கிறது. 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியில்தான் கற்பிக்கச் சொல்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது...

வாசலில் கார்ட்டூன் படம் வரைந்திருந்தால் மட்டும் அது விளையாட்டுப் பள்ளி ஆகிவிடாது. குழந்தைகளை டி.வி. முன்னால் உட்கார வைத்து ரைம்ஸ் போடுவதும் விளையாட்டு அல்ல. நேரில் போய்ப் பாருங்கள்.

* பாத்ரூம் சுத்தமாக, குழந்தை தானே போகிற மாதிரி பக்கத்தில் இருக்கிறதா? எப்போது கேட்டாலும் அனுப்புகிறார்களா?

* விளையாட்டுச் சாமான்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அல்லது பீரோவில் பூட்டியிருக்கின்றனவா?

* டீச்சர் கூடவே உட்கார்ந்து, "இந்தக் கட்டை ஏன் விழுந்தது? எப்படி வெச்சா நிக்கும்?" என்று பேச்சுக் கொடுக்கிறாரா? சும்மா அவிழ்த்து விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது விளையாட்டுக் கல்வி ஆகாது.

* மண்ணும் வெயிலும் படும்படி ஓட இடம் இருக்கிறதா?

வீட்டில் உங்கள் பங்கும் உண்டு. பெரிய செலவில்லை. பச்சைப் பட்டாணியையும் அவரைக்காயையும் பிரிக்கச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்குங்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும், பத்து முதல் பதிமூன்று மணி நேரம் தூக்கம் வேண்டும், செல்போனும் டி.வி.யும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வயிற்று வலியையும் 'ஸ்கூல் பயம்' என்று தள்ளிவிடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல், இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, மற்ற குழந்தைகளைக் கண்டுகொள்ளாத குழந்தை என்றால், 'போகப் போகச் சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்? அப்பாவை அழைத்துப் பேசினேன். அவர் பள்ளிக்குப் போய்ப் பேசி, கேட்டபோதெல்லாம் பாத்ரூம் போக அனுமதி வாங்கினார். வீட்டுப்பாடத்தை நிறுத்தினார். மருந்தும், உலர்திராட்சை ஊறிய நீரும், காலையில் அவசரப்படுத்தாமல் பத்து நிமிஷம் உட்கார வைப்பதும் தொடர்ந்தன. சில வாரங்களில் மலம் இளகியது. ஜூன் மாதம் பழைய விளையாட்டுப் பள்ளிக்கே திரும்பினான்.

கடைசியாக வந்தபோது கையில் ஒரு திராட்சைப் பொட்டலம். பிரித்து, "டாக்டருக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று வைத்தான். பிறகு எல்லாவற்றையும் தொட்டு எண்ணி, "நாலு" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். "இதை யாரும் சொல்லித் தரலையே டாக்டர்!" என்றார்.

இன்று சாயங்காலம் உங்கள் குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும், 'என்ன படிச்சே?' என்று கேட்காதீர்கள். 'யாரோட, என்ன விளையாடினே?' என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய பாடம் முழுவதையும் அதுவே சொல்லிவிடும்!