கன்னங்கரேல் ‘கிங்ஸ்னேக்’: ஜோடி சேர்ப்பது ஏன் சுலபமல்ல?

தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு. வெளிச்சம் பட்டால் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னும். கையில் எடுத்தால் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பவர்களிடையே ‘மெக்சிகன் பிளாக் கிங்ஸ்னேக்’குக்குத் தனி மவுசு. ஒன்றை வாங்கி வளர்த்தவருக்கு ஓரிரு ஆண்டுகளில் அடுத்த ஆசை வரும்: இதுக்கு ஒரு ஜோடி தேடினால் என்ன?

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தவறான ஜோடி அமைந்தால் இனம் கலந்துபோகலாம். அதைவிட மோசமாக, ஜோடியில் ஒன்று மற்றொன்றின் வயிற்றுக்குள் போய்விடலாம்.

இது என்ன பாம்பு?

பெயரைப் பார்த்து நம்மூர் ராஜநாகம் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜநாகம் கொடிய நஞ்சுள்ளது. கிங்ஸ்னேக் நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: மற்ற பாம்புகளைத் தின்பது. கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சைத் தாங்கும் திறன் கிங்ஸ்னேக்குக்கு உண்டு. அதனால் அதையே பிடித்து விழுங்கிவிடும்.

மெக்சிகோவின் சொனோரா மாநிலம், அதை ஒட்டிய சினலோவாவின் வடபகுதி, அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சிறு பகுதி ஆகியவை இந்தக் கறுப்புப் பாம்பின் தாயகம். சராசரியாக மூன்று முதல் நான்கு அடி வளரும். நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுகள்கூட வாழும்.

கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் போதாதா?

போதாது. ‘கறுப்பா இருக்கு, அது போதும்’ என்று ஜோடி சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

கென்டக்கி, டென்னசி பக்கம் ‘ஈஸ்டர்ன் பிளாக் கிங்ஸ்னேக்’ என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கறுப்புதான். ஆனால் உற்றுப் பார்த்தால் உடலில் வெளிர் புள்ளிகள் சங்கிலிபோலத் தெரியும். அது வேறு இனம். மெக்சிகன் கறுப்புடன் அதைச் சேர்த்தால் பிறப்பது கலப்பினம்.

அதைவிடக் குழப்பமானது கலிபோர்னியா கிங்ஸ்னேக். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட இது, மெக்சிகன் கறுப்புக்கு மிக நெருங்கிய உறவு. 1955-இல் ஸ்வைஃபல், நாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மெக்சிகன் கறுப்பைத் தனிக் கிளையினமாக விவரித்தார்கள். 2009-இல் மரபணு ஆய்வை வைத்து பைரன், பர்பிரிங்க் இருவரும் அதைக் கலிபோர்னியா இனத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் வளர்ப்பவர்கள் இன்றும் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறார்கள்.

இந்தக் கறுப்பு, அல்பினோபோல ஒரே ஒரு மரபணுவால் வருவது அல்ல. காட்டில் பிடிபடும் பாம்புகளில் தாடையிலும் கழுத்தடியிலும் வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் இருப்பது சகஜம். புள்ளி குறைவானவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததால் வந்ததுதான் இன்றைய ‘முழுக்கறுப்பு’. எனவே கலிபோர்னியா ரத்தம் கலந்த பாம்பும், சில தலைமுறைக்குப் பின் பார்வைக்குக் கறுப்பாகவே தெரியலாம். கண்ணால் பார்த்துத் தூய்மையை உறுதிசெய்ய முடியாது.

ஜோடி தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பூர்வீகம். தாய், தந்தை யார், எந்த வழி வந்தவை என்று எழுதி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு. முடிந்தால் பெற்றோரை நேரில் பார்ப்பது நல்லது. குஞ்சில் தாடைப் புள்ளி இருந்தால் பதற வேண்டியதில்லை. பலவற்றில் வயது ஏற ஏற அது மங்கிவிடும்.

அடுத்து வயதும் எடையும். பெண் பாம்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. உடல் தேறாத பெண்ணுக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வளர்ந்த பெண்ணை வாங்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பு சேர்ந்த ஆணின் விந்தணுவைப் பெண் பாம்பு உடலில் சேமித்து வைத்திருக்க முடியும். அதனால் பிறக்கும் குஞ்சு யாருடையது என்பதே சந்தேகமாகிவிடும்.

புதிதாக வந்த பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைத்துக் கவனிப்பார்கள். இரைப்பையைத் தாக்கும் ‘கிரிப்டோஸ்போரிடியம்’ கிருமி புகுந்தால் வீட்டில் இருக்கும் மொத்தப் பாம்புகளுக்கும் பரவக்கூடும்.

குளிர் எதற்கு?

இயற்கையில் இவை குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கி, வசந்தத்தில் இணை தேடும். அதே சூழலை வீட்டில் உருவாக்குகிறார்கள். இரண்டு வாரம் உணவை நிறுத்தி வயிற்றைக் காலியாக்கிவிட்டு, 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மாதம் வைக்கிறார்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். வயிற்றில் இரை இருக்கும்போது குளிரில் வைத்தால் அது செரிக்காமல் அழுகிவிடும்.

பிறகு வெப்பத்தை மெல்லக் கூட்டி நன்றாகச் சாப்பிடக் கொடுப்பார்கள். பெண் சட்டை உரித்ததும் ஜோடி சேர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இணைசேர்க்கையா, இரைபிடிப்பா?

பாம்பைத் தின்னும் பாம்புகளை ஒரே பெட்டிக்குள் விடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. எனவே இரண்டுக்கும் வயிறார உணவு கொடுத்த பிறகே சேர்ப்பார்கள். பக்கத்தை விட்டு நகர மாட்டார்கள்.

இணைசேரும்போது ஆண், பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடிப்பது வழக்கம். புதியவர்கள் இதைப் பார்த்து அலறிவிடுவார்கள். உடல்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வால்கள் பின்னியிருந்தால் பயமில்லை. ஒன்று மற்றொன்றைச் சுருளாகச் சுற்றி இறுக்கினால் உடனே பிரித்தாக வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டையும் தனித்தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே பெட்டியில் குடித்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெண் ஆறு முதல் ஒன்பது வாரத்தில் முட்டையிடும். ஈரப் பாசி நிரப்பிய டப்பா வைத்தால் அதற்குள் போய் இடும். முட்டையைப் புரட்டாமல், இட்ட நிலையிலேயே எடுத்து 27, 28 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். குஞ்சுகளையும் தனித்தனியாகத்தான் வளர்க்க வேண்டும், ஒன்றையொன்று தின்றுவிடும்.

பத்துக் குஞ்சுகளும் எங்கே போகும்?

ஜோடி தேடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு முறையில் பத்துக் குஞ்சுகள் வந்தால், பத்துக்கும் 20 ஆண்டு பொறுப்பேற்கும் ஆட்கள் வேண்டும்.

பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவே சாட்சி. செல்லப்பிராணியாக வந்த கலிபோர்னியா கிங்ஸ்னேக், அங்கே 1998 முதல் காட்டில் காணப்படுகிறது. பாம்பே இல்லாத தீவு அது. அங்கு மட்டுமே வாழும் ராட்சதப் பல்லிகளுக்கு இந்த எதிரியைத் தெரியாது. பாம்பு பரவிய இடங்களில் பல்லிகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. ஆயிரக்கணக்கில் பிடித்தும் பாம்பை ஒழிக்க முடியவில்லை. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம், கெட்டுலா வகை கிங்ஸ்னேக்கை ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் சேர்த்து, அதன் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை போட்டது.

தீவில் பரவியவை பட்டை போட்டவையும் அல்பினோக்களும்தான். ஆனால் மரபணுக் கணக்கில் முழுக்கறுப்பும் அதே குடும்பம். ஜோடி கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர்கள், பிறக்கப்போகும் கடைசிக் குஞ்சுக்கும் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.